அதே வெற்றிலை

சிற்றாற்றுப் படித்துறையில் அய்யர் பேர் கேட்டார்.

"குழல்வாய்மொழி," என்றான் கோமதிசங்கர்.

"அம்பாள் பேரைக் கேக்கல தம்பி. திதி யாருக்கு?"

"அவ பேருதான் அது."

அய்யர் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பெயரை மந்திரத்துக்குள் சேர்த்துக்கொண்டார். குற்றாலத்து அம்மன் பெயரை இலஞ்சியில் பிறந்த பெண்ணுக்கு வைப்பதில் அதிசயமில்லை. அந்தப் பெயருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு இளவயதுப் புருஷன் வந்து உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பொருந்தவில்லை போல.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. போன வருடம் இதே சாரல் பருவத்தில்தான் குழலிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று தெரிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது ஆம்புலன்சில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவள் படுத்திருந்தாள். அதற்கு மேல் அவனிடம் சொல்ல எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கும் அவ்வளவுதான் சொன்னான். தென்காசியில் நீட் கோச்சிங் சென்டரில் அவன் உயிரியல் எடுக்கிறான். காரியம் முடிந்ததும் வகுப்புக்குப் போய்விட்டான். அழவில்லை. அழாததை ஊர் பெருமையாகப் பேசியது. "மாப்ள கெட்டிக்காரரு, மனசைத் தேத்திக்கிட்டாரு." அவன் எதையும் தேற்றிக்கொள்ளவில்லை. தேற்ற வேண்டியது எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

திதி முடிந்து ஈர வேட்டியோடு படியேறினான். மேலே கொழுந்தியாள் உமாராணி குடையோடு நின்றிருந்தாள். குழலியின் தங்கை. குழலியைவிட உயரம், குரலும் கனம். சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகி, அடுத்த மாதம் பயிற்சிக்குப் போக வேண்டியவள்.

"அத்தான், ஒரு நிமிசம். அம்மாவும் மாமாவும் சாமி கும்பிடப் போயிருக்காவ. வாரதுக்குள்ள சொல்லணும்."

"சொல்லு."

"இன்னிக்கு வீட்ல பேச்சு எடுப்பாவ."

"என்ன பேச்சு?"

"நெசமாவே தெரியலையா? வருசம் கழிஞ்சாச்சு. துட்டி முடிஞ்சுட்டு. என்னை உங்களுக்குக் கட்டி வச்சிரணும்னு அலையுதாவ. தங்கமான மாப்ளய வெளிய விடக்கூடாதாம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல அத்தான். நல்ல ஆளுதான் நீங்க. ஆனா நான் அக்கா இல்ல. அக்கா விட்ட எடத்துல என்னைக் கொண்டு நட்டா நான் முளைக்க மாட்டேன்."

"உங்க வீட்ல சொன்னியா?"

"சொன்னேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்னு மாமா வாயை அடைச்சுட்டாரு. லத்தி பிடிச்சவளை எவன் கட்டுவான்னு அம்மா அழுதா. நான் வேண்டாம்னா எடுபடாது. நீங்க வேண்டாம்னாத்தான் எடுபடும்."

"சரி."

"சரின்னா?"

"வேண்டாம்னு சொல்லிருதேன்."

"வாயைத் தொறந்து சொல்லணும். நீங்க பாட்டுக்குச் சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிடுவாவ. உங்களைத் தெரியும் எனக்கு."

"சொல்லுதேன்," என்றான்.

பேரருவிப் பக்கம் போலீஸ் விசில் கேட்டது. வெள்ளம் கூடி, பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கியிருக்க வேண்டும். ஈரத் தலையோடு கூட்டம் வெளியே ஓடிவந்தது. அந்தச் சத்தத்துக்கு அவனுக்குக் குழலி ஞாபகம்தான் வந்தது.

கல்யாணமான முதல் சாரல். இதே இடத்தில் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டு அவள் தன் ஆராய்ச்சியை அவனுக்கு விளக்கினாள். திருநெல்வேலியில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். புரதங்கள் புதுப் புது வேலைகளுக்கு எப்படி வந்தன என்பது அவள் பாடம். புரதம் ஒரே கட்டியாக இருப்பதில்லை. தனித்தனியாக மடிந்த பகுதிகள் சேர்ந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை. புத்தகத்தில் அதற்குக் களம் என்று போட்டிருக்கும். குழலி துண்டு என்பாள்.

"விசில் ஊதுதாம் பாருங்க, அது ஒரு துண்டு. ஊதுத ஆளு இன்னொரு துண்டு. கண்டக்டர் ஊதினா பஸ் கிளம்பும். போலீஸ் ஊதினா குளிக்கவன் வெளிய வரணும். பி.டி. வாத்தியார் ஊதினா கபடி ஆரம்பம். விசில் ஒண்ணுதான். யாரோட சேந்திருக்குங்கதுலதான் சங்கதி மாறுது."

"அப்ப செல்லு?"

"செல்லும் அப்படித்தான். புதுசா ஒரு சேதி சொல்லணும்னா புதுசா விசில் செஞ்சுக்கிட்டு இருக்காது. பழைய விசிலை வேற ஆளு கையில குடுத்துரும். மரபணு ஒடைஞ்சு ஒட்டுறப்ப தப்பா ஒட்டும். தப்பா ஒட்டுனதுல நூத்துல ஒண்ணு பிழைச்சுக்கிடும். அதான் பெறகு புது வேலை ஆயிருது."

"நூத்துல ஒண்ணா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உங்க நீட் பிள்ளைக மாதிரி நம்பரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீய."

அவன் சிரித்தான். அன்றைக்குச் சிரிக்க வந்தது.

இலஞ்சியில் மாமியார் வீட்டில் சாப்பாடு. மாமியார் மூக்கம்மாள் யாரையும் பார்க்காமல் பரிமாறினாள். அவன் அம்மா ஆவுடையம்மாள் முன்னதாகவே வந்து அடுப்படியில் கூடமாட நின்றாள். அவன் எதிரில் பாண்டிராஜ். மூக்கம்மாளின் தம்பி, பட்டாளத்தில் இருந்து வந்து சிவகிரியில் தோட்டம் பார்ப்பவர். குழலியின் அப்பா இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சாப்பிடுங்க மாப்ள. என்ன, கோழி கொத்துற மாதிரி கொத்துதீரு? எங்க மூத்தவ என்னமோ புரோட்டீன் புரோட்டீன்னு வருசக்கணக்காப் படிச்சா. புருசனுக்கு ஒரு கிராம் ஏத்தலையே உடம்புல."

அடுப்படியில் ஆவுடையம்மாள் சிரித்தாள்.

"நான் ஒரு தடவை அவட்ட கேட்டேன். ஏட்டி, இதுல அப்படி என்ன இருக்குன்னு. ஒரு மணிக்கூர் சொன்னா. எல்லாம் கேட்டுட்டு, அப்ப முட்டை திங்கலாமா கூடாதான்னேன். அடிக்க வந்துட்டா." அவரே சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல பிள்ளை."

அவர் துடைத்துக்கொண்டதைக் கோமதிசங்கர் பார்த்தான். அவருக்கு வருகிறது. தனக்கு வரவில்லை. கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே சுவரில் குழலியின் படம். மாலை புதிது.

இந்த நாற்காலியில்தான் அவள் ஒருநாள் கால்களை மடக்கி உட்கார்ந்து உமாவுக்கு ஒரு கதையைச் சொன்னாள். ஒரு நொதி. மிருகங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே இருப்பது. அதன் மரபணு ஒருசமயம் இரட்டித்துவிட்டது. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டது. மற்றதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது. அதோடு பழைய வேலை போயிற்று. ஆனால் இன்னொரு புரதத்தைப் பிடிக்க அதற்கு வந்துவிட்டது. செல் எந்தத் திசையில் பிரிய வேண்டும் என்று சொல்கிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டில் ஒரு குழு அந்த மூதாதைப் புரதத்தைக் கணக்குப் போட்டு, திரும்பச் செய்து, கண்டுபிடித்தது. குழலி அதே முறையில் வேறொரு புரதக் குடும்பத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ரெண்டாவது காப்பியாக்கா?" என்று உமா கேட்டாள். அம்மாவிடம் அடிக்கடி வாங்கும் ஏச்சு அது: அக்கா மாதிரி இரேன், அக்கா மாதிரி இரேன்.

"ஆமாட்டி. அதான் உன் அதிர்ஷ்டம். பழைய வேலையைப் பாக்க ஏற்கெனவே ஆளு இருக்கு. நீ என்ன வேணாலும் ஆவலாம்."

"ஒண்ணும் ஆவலைன்னா?"

"சும்மாவே கிடந்தா கெட்டுப்போவும். பெரும்பாலும் அப்படித்தான் போவுது."

அவன் அப்போது அந்தப் பக்கம் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. கவனிக்கவில்லை. கவனிக்காததெல்லாம் இப்போது ஒரு சொல் விடாமல் வருகிறது.

"மாப்ள," என்றார் பாண்டிராஜ்.

அவர் இரண்டு கையாலும் ஒரு தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, பழம். திதி நாள், சாப்பாடு ஆயிற்று, வெற்றிலை வருகிறது. கோமதிசங்கர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். காலையில் அய்யரிடம் அவன் நீட்டியதும் இதே மாதிரி ஒரு தட்டுதான்.

மூக்கம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள். "எம்பிள்ளை போனாலும் எம்மாப்ள போவலை," என்றாள். ஆவுடையம்மாள் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க மைனி. எல்லாம் நல்லதுக்குத்தான்."

அவனுக்குப் புரியவில்லை. பிறகு தட்டைக் குனிந்து பார்த்தான். பாக்குக்குப் பக்கத்தில் மல்லிகைப்பூவும் குங்குமமும் இருந்தன. திதி வெற்றிலையில் பூ வைக்க மாட்டார்கள்.

வெற்றிலை மாற்றியாயிற்று.

அடுப்படி நிலையில் உமா நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. இவ்வளவுதான் நீங்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை. உள்ளே போய்விட்டாள்.

இப்போது சொல்லலாம். தட்டு கையில்தான் இருக்கிறது. தெரியாமல் வாங்கிவிட்டேன் என்றால் தீர்ந்தது. அவன் வாயைத் திறந்தான். அதற்குள் ஆவுடையம்மாள் பாண்டிராஜிடம் பேசிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. இந்தப் போலீஸ் வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாது. பிள்ளைக்குப் படிச்சது போதும். வீட்ல இருந்து அவனை நல்லபடியாப் பாத்துக்கிடட்டும்."

"அதெல்லாம் சின்னப் பிள்ளை ஆசை அக்கா," என்றார் பாண்டிராஜ். "கழுத்துல ஏறிட்டா தன்னால சரியாயிரும்."

படிச்சது போதும்.

அம்மா இதை முதல் தடவை சொன்னது தென்காசி வீட்டில். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குழலி அப்போதுதான் திருநெல்வேலி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்திருந்தாள். "தெனம் தெனம் பஸ்ஸுல போயிட்டு வந்தா உடம்பு என்னத்துக்காவும்? ஒரு பிள்ளை குட்டி வேண்டாமா? படிச்சது போதும்." குழலி அம்மாவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். அவன் ரசம் ஊற்றச் சொன்னான்.

கொஞ்ச மாதம் லேபுக்குப் போகாமல் இருந்தாள். அந்தக் கொஞ்ச மாதத்தில், அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே புரதத்தைப் பற்றி வேறு எங்கோ யாரோ கட்டுரை போட்டுவிட்டார்கள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே போனில் படித்தாள். "வந்துட்டு," என்றாள். "என்ன வந்துட்டு?" என்று கேட்டான். "நான் கேட்ட கேள்விக்குப் பதிலு." மிச்ச பீன்ஸையும் நறுக்கி முடித்தாள். பிறகு புதிதாக ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்து, பிடிவாதமாகத் திரும்பப் போக ஆரம்பித்தாள். அது முடிவதற்குள் காய்ச்சல்.

அவன் ஒரு நாளும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. அதை நினைத்துத்தான் இத்தனை நாளும் தன்னை நல்லவன் என்று வைத்திருந்தான்.

இன்றைக்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடையம்மாள் வெற்றிலையைத் துணிப்பையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். இருவரும் விடைபெற்றுத் தெருவில் இறங்கினார்கள்.

இலஞ்சி பஸ் ஸ்டாப்பில் சாரலுக்கு ஒதுங்கி நின்றார்கள். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். ஆவணியில் முகூர்த்தம், சுரண்டையில் தெரிந்த ஜவுளிக்கடை. அவன் வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தென்காசி பஸ் வந்து நின்றது. அம்மா படியில் ஒரு கால் வைத்தாள். அவன் ஏறவில்லை.

"ஏலே, ஏறு. என்ன மசமசன்னு நிக்க?"

"நான் வரலம்மா. நீ போ."

"எங்க போற?"

"வெத்தலையைத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்."

அம்மா காலைக் கீழே எடுத்து வைத்தாள். "கூறு கெட்டுப்போச்சால உனக்கு? வாங்குன வெத்தலையை எவன்லே திருப்புவான்? நாளப்பின்ன மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

"ஏறுதீயளா இல்லையா?" என்றார் கண்டக்டர். பதில் வராததால் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

அவன் திரும்பி நடந்தான். அம்மா கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். கூட வரவில்லை.

வீட்டில் பாண்டிராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்தார். "என்ன மாப்ள, குடையை விட்டுட்டீரா?"

துணிப்பையில் இருந்ததை எடுத்து மேசையில் இருந்த தட்டில் வைத்தான். பூ வாடியிருந்தது. வெற்றிலை வாடவில்லை.

"மாமா, திதி வெத்தலைன்னு நினைச்சு வாங்கிட்டேன்."

பாண்டிராஜுக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் குரல் மாறியது. "வெத்தலையில எழுதியா இருக்கு, இது திதி வெத்தலை, இது பேச்சு வெத்தலைன்னு?"

"இல்ல."

"பெறகு? படிச்ச மனுசன்தான நீரு? ரெண்டு கையையும் நீட்டி வாங்குனீரே. நாங்க என்ன கோட்டி பிடிச்சவங்களா?"

"தப்பு எம்மேலதான் மாமா."

மூக்கம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள். "எம்பிள்ளைகிட்ட என்ன குறையக் கண்டீய?"

"குறை ஒண்ணுமில்ல அத்தை. அவளுக்கு இதுல இஷ்டமில்ல. எனக்கும் இல்ல. அவ டிரெய்னிங் போகட்டும்." சொல்லியாக வேண்டியது மிச்சம் இருந்தது. "யாரு என்ன சொன்னாலும் அவளை நிறுத்தாதீங்க. எங்கம்மா சொன்னாலும் சரி. அவ போகட்டும்."

அடுப்படிக்குள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது.

மூக்கம்மாள் சத்தம் போடவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்தையை மூத்தவளுக்குச் சொல்லியிருக்கலாமே மாப்ள," என்றாள். "அவ இங்கன வந்து ஒருநா பூரா அழுதா. உங்களைப் பத்தி ஒரு குறை சொல்லலை. அவுக ஒண்ணுமே சொல்லலைம்மா, ஒண்ணுமே சொல்லலைம்மான்னுதான் அழுதா. நான்தான், வாயில்லாத மாப்ள கிடைச்சது புண்ணியம்டின்னேன்."

நெஞ்சுக்குள் எங்கோ ஒன்று அசைந்தது. ஒரு வருடமாக மரத்துக் கிடந்த இடம் அதுதான் போல. வலித்தது.

பாண்டிராஜ் தட்டைப் பார்த்தபடி கேட்டார். கோபம் வடிந்து, கேள்வி நிஜமாகவே இருந்தது. "சரி வே. இனிமே இந்த வீட்டுக்கு எந்த முறையில வருவீரு?"

கோமதிசங்கர் யோசித்தான். குழலி இல்லாமல் மாப்பிள்ளை இல்லை. உமாவைக் கட்டாமல் வேறு முறை எதுவும் இல்லை. அத்தை, மாமா, அத்தான் என்று இந்த வீட்டில் புழங்கிய எல்லாச் சொல்லும் அவள் ஒருத்தியோடு ஒட்டியிருந்தவை.

"தெரியல மாமா," என்றான்.

காலையில் உமா பிடித்திருந்த குடை வாசலில் சாத்தியிருந்தது. குழலியின் குடை. எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினான். தெருமுனை வரை போனபின் பின்னால் செருப்புச் சத்தம். உமா. குடையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பிடிங்க."

வாங்கிக்கொண்டான்.

"சொல்ல மாட்டீயன்னு நினைச்சேன்," என்றாள்.

"நானும்தான்."

அவள் ஏதோ சொல்ல நினைத்தாள். அத்தான் என்று கூப்பிட வந்து, இனி அது சரியா என்று அவளுக்கும் சந்தேகம் வந்தது போல. "பாத்துப் போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கால் அகட்டி, கை வீசி, பயிற்சிக்கு இப்போதே பழக ஆரம்பித்துவிட்ட நடை. குழலி அப்படி நடக்க மாட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா திண்டில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து குடையை இருவருக்கும் நடுவில் பிடித்தான்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாவ?"

மூக்கம்மாள் சொன்னதை இவளிடம் சொல்லலாம். அது இவளுக்கும் சேர வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குக் குழலி பார்த்தது இவளை அல்ல, அவனை.

"ஒண்ணும் சொல்லல."

அம்மா துணிப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கி உதறினாள். அடியில் ஒட்டியிருந்த ஒரு வெற்றிலை மடியில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். திரும்பப் போய் இதையும் கொடுக்க வேண்டுமோ என்று ஒரு கணம் தோன்றியது.

அம்மா அதைச் சேலையில் துடைத்து, காம்பைக் கிள்ளிப் போட்டு, மடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னலே அப்படிப் பாக்க? வெத்தலைதான."

அவன் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டான். சாரல் நேராக முகத்தில் அடித்தது. பஸ் வந்து நின்று சாரலை மறைத்த பிறகும் முகம் நனைவது நிற்காததைப் பார்த்துத்தான் அவன் அழுகிறான் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.